கொட்டிய ஊதாக் கரைசல்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் நான். ‘ஒரு மாணவி’ என்று மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் நல்லவளாகவே வந்து நின்றாள். கிழித்துப் போட்டேன்.

2
1996. மலாக்கா டவுனில் ஒரு தனியார் கல்லூரி. என் இறுதியாண்டு ஆய்வு, வளையத்தில் நைட்ரஜன் உள்ள ஒரு சேர்மம் பற்றியது. அதன் நிறமற்ற கரைசல் வெயில் பட்டால் ஊதாவாகும்; இருட்டில் வைத்தால் பழையபடி தெளியும். (மீள்வினை என்று புத்தகம் பெருமையாகச் சொல்லும். திரும்பத் திரும்ப மாற்றினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும் என்பதைச் சின்ன எழுத்தில் சொல்லும்.)

மூன்று மாத உழைப்பு ஒரே பாட்டிலில் இருந்தது. அதைச் சன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சீட்டு ஒட்டவில்லை.

3
ரங்கசாமி அண்ணன் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். அதற்கு முன் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் ரப்பர் பால் ஸ்டோரில் நின்றவர். நிறம் மாறிய பாலை நல்ல பாலோடு சேர்க்கக் கூடாது, உடனே கொட்டி வாளியைக் கழுவ வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

“தண்ணி ஊதாவா போயிருச்சு தங்கச்சி. கெட்டத வச்சிருந்தா ஒன்னயத்தானே ஏசுவாங்க? கொட்டிட்டு பாட்டில கழுவி வச்சிட்டேன்.”

அரை மணி நேரம் அலமாரிக்குள் வைத்திருந்தால் அது

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

4
விரிவுரையாளர் தம்புசாமி கேட்டார்: “கொட்டக் கூடாதுன்னு சீட்டு ஒட்டினியா அனுசியா?”

இல்லை என்றால் என் ஆய்வு ரத்து. படிப்பும் அதோடு சரி.

“ஒட்டினேன் சார்.”

ரங்கசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு சாரிடம் திரும்பினார்.

“ஒட்டியிருந்திச்சு சார். நான்தான் கவனிக்கல.”

அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. எனக்கு அவகாசம் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. தூ!

5
முடிவு அ: புக்கிட் காத்திலில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன். (போகவில்லை.)

முடிவு ஆ: அவருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கிறது. (என் மனச்சாட்சிக்கு நானே பாடிய தாலாட்டு.)

நடந்தது இது. மூன்று வருடம் கழித்து, கிளேபாங் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் அவர் சாப்பிட்ட மங்கு, தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“நல்லா இருக்கியா தங்கச்சி? ஒன்னே ஒன்னு கேக்கணும்லா. அந்தத் தண்ணி கெட்டுப்போனதுதானே? நான் கொட்டுனது சரிதானே?”

ஆமாம் என்றால் இன்னொரு பொய். இல்லை என்றால், இத்தனை நாள் அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிக்கொள்கிறேன்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அவர் ஈரக் கையோடு நிற்கிறார். நீங்களே சொல்லுங்கள் அவரிடம்.