தம்பிக்கு ஒரு கசற்

"ஹலோ, ஹலோ, தம்பி, கேக்குதா?" என்று கசற் ரெக்கோடருக்குள் கேட்ட வீரக்குட்டி, அதைத் திருப்பி ஓடவிட்டுத் தன் குரலைத் தானே காதில் வைத்துக் கேட்டான். திருப்திதான். கார் மார்க்கம் நகரத்தைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. வீடுகள் முடிந்து சோளக்காடு தொடங்கியிருந்தது. பின்சீற்றில் அவன் மனைவி கோணேஸ்வரி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடி சோளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சோளம் முடிந்தால் ஒரு வீடு, பிறகு மறுபடியும் சோளம். பார்ப்பதற்கு இலகுவாக இருந்தது.

காரை ஓட்டியவர் நவரட்ணம். வீரக்குட்டியோடு ஒரே பிளாஸ்ரிக் பக்ரறியில் வேலை, ஊர் யாழ்ப்பாணம், வயதில் மூத்தவர். வாய் ஓயாது.

"எனக்கு ஒண்டு விளங்கேல்லை, வீரக்குட்டி. கௌபாய் எண்டா ஆர்? மாடு மேய்க்கிறவன். எங்கட ஊரிலை மாடு மேய்க்கிறவன் பாடினா ஆர் ரிக்கற் எடுத்துக் கேக்கிறது?"

"கிருஸ்ணரும் மாடு மேய்ச்சவர்தானே, அண்ணை. அவருக்குக் கோயில் கட்டியிருக்கிறீங்க."

"அட, அவர் குழலெல்லோ ஊதினவர். உவங்கள் மூக்காலை பாடுறாங்கள்."

"மூக்கால பாடுறதுதான் கஸ்ரம். நீங்க ஒருக்காப் பாடிப் பாருங்களன்."

"நான் பாடினா சோளம் பட்டுப்போம்."

வீரக்குட்டி சீற்றில் அடித்துச் சிரித்தான். நவரட்ணமும் சிரித்தார். அவர் கண் ஒருமுறை கண்ணாடி வழியாகப் பின்னால் வந்து, கோணேஸ்வரியைப் பார்த்துவிட்டு உடனே ரோட்டுக்குத் திரும்பியது. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் இன்றைக்கு இப்படிப் பகிடி விடுகிறார்.

வியாழக்கிழமை பின்னேரம் கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தபோது வீரக்குட்டி வேலைக்குப் போயிருந்தான். மட்டக்களப்பில், பாலத்தடியில், அவனுடைய தம்பி பாக்கியராசா கிடந்தானாம். யார் சுட்டது என்று ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. எரித்தும் முடிந்துவிட்டது. கோணேஸ்வரி ரெலிபோனை வைத்துவிட்டு, இஸ்திரிப்பெட்டியை எடுத்து, கூடையில் கிடந்த உடுப்புகளை எல்லாம் மினுக்கினாள். அது முடிந்ததும் தலையணை உறைகளை மினுக்கினாள். பிறகுதான் மல்வேர்ன் பக்கம் இருக்கிற தங்கத்துரை அண்ணனுக்கு எடுத்துச் சொன்னாள். வீரக்குட்டிக்குக் கனடாவில் இரத்த உறவென்று இருப்பது அவர் ஒருவர்தான், பெரியப்பா மகன்.

தங்கத்துரை அண்ணன் யார் சொன்னது, எப்போது என்று கேட்டார். பிறகு, "இப்ப சொல்லாத, புள்ள" என்றார். "சாவுச் செய்தி சொல்லுறதெண்டா ஆக்கள் சுத்தவர இருக்கோணும். தனிய இருக்கிறவனுக்குச் சொல்லப்படாது. ஞாயித்துக்கிழம நாங்க குடும்பமா வாறம். சனிக்கிழம அந்தப் பாட்டுக்காரரப் பாத்துப்போட்டு வரட்டும். இப்ப சொன்னா செத்தவீட்டுத் துடக்கு, மறுகா எங்க போறது? செத்தவனும் அதத்தான் சொல்லியிருப்பான்."

அதனால் அவள் சொல்லவில்லை, கார் ஓட்ட வருகிற நவரட்ணத்துக்கு மட்டும் சொல்லிவைத்தாள். வெள்ளிக்கிழமை சாமித்தட்டில் விளக்கு வைக்காமல், வீட்டுக்குத் தூரம் என்று பொய் சொன்னாள். மீன் வாங்கவில்லை. இன்று காலையில் புட்டும் சம்பலும் கட்டும்போது, "மீன் பொரிக்கல்லியா?" என்று வீரக்குட்டி கேட்டான். "கார் மணக்கும்" என்றாள். அழுகை வரும் என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வரவில்லை. பல் ஈறில் ஊசி போட்டுப் பல்லுப் பிடுங்கிய நாளைப்போல, உடம்பில் எங்கேயோ பெரிதாக ஒன்று நடந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

ரெட் கல்ச் றேஞ்சர்ஸ், நாலு பேர் பாடுகிற கௌபாய்ப் பாட்டுக் குழு. அண்ணனையும் தம்பியையும் பிடித்த பைத்தியத்தின் பெயர் அதுதான். பக்கத்து வீட்டுப் பறங்கியர் யோசப்பிடம் இருந்த ஒரேயொரு இசைத்தட்டில் பிடித்தது. பாக்கியராசா அவரிடம் கிற்றார் பழகி, கல்யாண வீடுகளில் பன்புல்லில் பின்னிய தொப்பி போட்டுக்கொண்டு பாடினான். வீரக்குட்டிக்குக் கை வராது, கேட்கத்தான் தெரியும். கனடாவுக்கு வந்த பிறகு தம்பிக்கு அவன் அனுப்பிய கசற்றுகளில் பாதி பேச்சு, பாதி ரேடியோவில் பிடித்த பாட்டு. போன மாதம் ஒரு சின்ன ஊரின் சந்தைத் திருவிழாவுக்கு அவர்களே வருகிறார்கள் என்று தெரிந்ததும், அடுத்த கசற்றில் தம்பிக்கு உண்மையான றேஞ்சர்ஸ் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

திருவிழாத் திடலில் பூசணிக்காய்களுக்கும் பன்றிகளுக்கும் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் புட்டைச் சாப்பிட்டார்கள். புல்வெளியில் மரப்பலகை மேடை, எதிரே வரிசையாக மடக்குக் கதிரைகள். எல்லோரும் ஜீன்ஸ். வீரக்குட்டி கல்யாணக் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டி வந்திருந்தான். முன்வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி அவனைத் திரும்பிப் பார்த்து, சபையில் பேச வந்த அமைச்சர் என்று நினைத்தாளோ என்னவோ, மரியாதையாகத் தலையசைத்தாள்.

"ஐயா, தலைமை உரை எப்ப?" என்றார் நவரட்ணம்.

"பேசாம இருங்க அண்ணை, ரேப் ஓடுது."

நால்வர் ஏறினார்கள். யோசப்பின் இசைத்தட்டு உறையில் கறுப்பாயிருந்த மீசைகள் வெளுத்திருந்தன. ஒருவர் கதிரையில் இருந்துதான் வாசித்தார். ஆனால் குரல் அதே குரல். வீரக்குட்டி மைக்கை மேடைப் பக்கம் நீட்டியபடி அசையாமல் இருந்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அதை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து மெதுவாகச் சொன்னான்: "தம்பி, பான்ஜோ அடிக்கிறவர் இப்பதான் தொப்பியக் கழட்டினவர். மொட்டை, தம்பி. நாம ஏமாந்துபோனம்." பிறகு, "குதிரையெல்லாம் கட்டியிருக்கு. யோசப் அங்கிளிட்டச் சொல்லு, மணம் இந்தக் கசற்றில வராதெண்டு."

கோணேஸ்வரி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கைதட்டும்போது அவள் கையும் தட்டியது. நவரட்ணத்தின் பகிடி நின்றுபோயிருந்தது. அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டுக்காரர்கள் தண்ணீர் குடிக்க நின்றபோது வீரக்குட்டி மைக்கை அவளிடம் நீட்டினான். "இந்தா புள்ள, நீயும் ரெண்டு கதை சொல்லு. மச்சிட குரலக் கேட்டா அவனுக்குச் சந்தோசம், ஒரே புழுகம்."

நவரட்ணம் சட்டென்று எழுந்தார். "நான் கோப்பி வாங்கிக்கொண்டு வாறன். ஆருக்குச் சீனி?" என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அவள் மைக்கை வாங்கினாள். "தம்பி, சாப்பிட்டீங்களா? நாங்க இஞ்ச நல்ல சுகம். உங்கட அண்ணன் கோட்டுப் போட்டு வந்திருக்கிறார், எல்லாரும் அவரத்தான் பாக்கிறாங்க. குளிர் இன்னும் தொடங்கல்ல. சோளம் நல்லா விளைஞ்சிருக்கு. உடம்பப் பாத்துக்கொள்ளுங்க." சொற்கள் தடங்கல் இல்லாமல் வந்தன. இவ்வளவு இலகுவாக வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மைக்கைத் திருப்பி நீட்டினாள்.

வீரக்குட்டி அதை வாங்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ கசற் அனுப்பியிருக்கிறார்கள். ஒருமுறைகூட அவள் இப்படி மைக்கைப் பிடித்துப் பேசியதில்லை. "எனக்கு வெக்கம், விடுங்க" என்று குசினிக்குள் ஓடுவாள், இவன் துரத்திக்கொண்டு போவான், கடைசியில் சிரிப்புச் சத்தமும் "தம்பி, நான் மச்சி" என்ற இரண்டு சொல்லும்தான் பதிவாகும். பாக்கியராசா தன் பதில் கசற்றில் அந்தச் சிரிப்பைப் பழித்துக் காட்டுவான்.

வீரக்குட்டி ரெக்கோடரை நிறுத்தினான்.

"எப்ப?" என்றான்.

சுற்றவர ஆட்கள் இருந்தார்கள், நிறையவே இருந்தார்கள். ஒருவரையும் தெரியாது. முன்வரிசைக் கிழவி சோளப்பொரி கொறித்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழம. நீங்க வேலைக்குப் போன பிறகு." அவள் குரல் அதே குரலாகவே இருந்தது. "பாலத்தடியிலயாம். எரிச்சுப்போட்டாங்க. தங்கத்துரை அண்ணன் நாளைக்கு வந்து சொல்ல இருந்தவர்."

வீரக்குட்டி தலையை ஆட்டினான், யாரோ அவனிடம் பஸ் வழி சொன்னதுபோல. "நவரட்ணம் அண்ணைக்கும் தெரியுமா?"

"ஓம்."

"அதான்" என்றான்.

மேடையில் மறுபடி கிற்றார் தொடங்கியது. அது பாக்கியராசா ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கடைசியாகப் பாடுகிற பாட்டு. கோணேஸ்வரிக்குக்கூட முதல் தட்டிலேயே தெரிந்துவிட்டது. வீரக்குட்டியின் விரல் பட்டனில் கொஞ்சநேரம் இருந்தது. பிறகு அழுத்தினான். அவளிடமிருந்து மைக்கை வாங்கி மேடைப் பக்கம் நீட்டினான். பாட்டு முடிந்த பிறகும் அதை மேடைப் பக்கமே பிடித்திருந்தான். ரேப் கைதட்டலை எடுத்தது, ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளையொன்றின் பெயரைச் சொன்னதை எடுத்தது, பிறகு தானாகவே முடிந்து டக்கென்று நின்றது.

சனம் கலைந்தது. திருவிழாக்காரர்கள் வந்து பின்வரிசையிலிருந்து கதிரைகளை மடக்கத் தொடங்கினார்கள். வீரக்குட்டி ரெக்கோடரை அவள் பையில் வைத்தான். எழுந்து, தான் இருந்த கதிரையை மடக்கினான். பக்கத்துக் கதிரையை மடக்கினான். பிறகு அதற்கடுத்தது. அந்த வரிசை முடிந்ததும் முன்வரிசைக்குப் போனான். இரண்டு இரண்டாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் வண்டிலில் அடுக்கினான். தொப்பி போட்ட ஒருவர் ஆங்கிலத்தில் நன்றி சொல்லி, இதெல்லாம் தேவையில்லை, நீங்கள் போகலாம் என்றார். அவன் கேட்டதாகத் தெரியவில்லை. கோட்டு மட்டும் தோளில் இழுபட்டு மேலே ஏறியிருந்தது.

கோணேஸ்வரி பையைப் புல்லில் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வரிசையின் மறு நுனியிலிருந்து மடக்கத் தொடங்கினாள். இரும்பு குளிர்ந்திருந்தது. நடுவில் ஒருமுறை இருவரும் ஒரே கதிரைக்குக் கை நீட்டினார்கள். அவன் விட்டுக்கொடுத்தான்.

நவரட்ணம் பாட்டு முடியும்வரை கடையடியிலேயே நின்றுவிட்டு, மூன்று கோப்பியும் கையுமாகத் திரும்பி வந்தபோது கதிரைகள் இல்லை. புல்லில் கதிரைக் கால்கள் அழுந்திய சின்னச் சின்னக் குழிகள்தான் வரிசையாக இருந்தன. தூரத்தில் இருவரும் வண்டிலடியில் குனிந்து நிமிர்வதைக் கண்டார். கூப்பிட வாயெடுத்துவிட்டு நின்றார். கோப்பிக் கோப்பைகள் கையைச் சுட்டன. வைப்பதற்கு இடம் தேடி, அந்த வெறும் புல்வெளியின் நடுவில் நின்று, அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.