சுடுகாட்டுப் பாதையின் ஒன்பது படங்கள்

வியாழக்கிழமை உடையார்பாளையம் தாலுகா ஆபீசில் விசாரணை. திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்தால் கம்ப்யூட்டரில் படங்கள் திறக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் என் மச்சான் சின்னதுரை விலை போய்விட்டான் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை சுடுகாட்டுப் பாதைக்காக. எங்கள் தெருவிலிருந்து ஓடைக்கரைக்குப் போகும் வண்டிப்பாதையை முந்திரித் தோப்புக்காரர் ராசாங்கம் சித்திரையில் டிராக்டர் விட்டு உழுதார். கன்று நட்டார், கம்பி வேலி போட்டார். அங்கே பாதையே இருந்ததில்லை என்று எழுதியும் கொடுத்தார். இருந்தது என்று காட்ட எங்களிடம் ஒன்பது போட்டோ. தை மாதம் என் சின்னம்மா குஞ்சம்மாள் செத்தபோது, பாடை அந்தப் பாதையில் போவதைச் சின்னதுரை எடுத்தது. குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த அவன் மருமகனுடைய கேமரா அது. மருமகன் திரும்பிப் போனதும் கேமராவில் இருந்ததை அழித்துவிட்டாராம். படங்கள் மிச்சமிருந்தது என் மகள் சசிகலாவின் கம்ப்யூட்டரில் மட்டும்.

பாலிடெக்னிக் படிக்கிறாளே என்று வாங்கிய பழைய பெட்டி. முந்தின வாரம் அது நின்றுபோனது. திரை நீலமாகி வெள்ளை எழுத்தோடு உறைந்துவிடும். எனக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லீவு கிடைக்கவில்லை. சின்னதுரைதான் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அரியலூர் கடைக்குப் போனான். அன்றே வருகிறேன் என்றவன் மறுநாள் மத்தியானம் வந்தான். விண்டோஸைப் புதிதாகப் போட்டார்களாம், பழைய ஃபைல்களைத் தொடவில்லையாம்.

சசிகலா அதே பெயரைப் போட்டாள், அதே பாஸ்வேர்டைப் போட்டாள். அவள் பெயரில் பழைய ஃபோல்டரும் இருந்தது. அமுக்கினால் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி வந்து, அனுமதி இல்லை என்று இங்கிலீசில் சொன்னது. எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். சைபர் காட்டியது.

எனக்கு இங்கிலீசு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் சைபர் யாருக்கும் தெரியும். உள்ளே ஒன்றுமில்லை என்றால், வழித்தெடுத்துவிட்டு வாசலையும் பூட்டியிருக்கிறான். அப்படித்தான் எனக்குப் பட்டது.

நினைக்க ஆரம்பித்ததும் எல்லாம் அதற்கே பொருந்தி வந்தது. முந்திரிக் காய்ப்பில் ராசாங்கத்தின் தோப்புக்குக் காவல் இருப்பவன் சின்னதுரை. பெட்டி அரியலூர் போவதற்கு முந்தின நாள் ராசாங்கத்தின் மோட்டார்சைக்கிள் அவன் வாசலில் நின்றிருக்கிறது. ராத்திரி எங்கே தங்கினாய் என்றதற்கு பஸ் ஸ்டாண்டு என்றான். அவன் மனைவி பொன்னம்மாளைக் கேட்டால், சொந்தக்காரர் வீட்டில் படுத்ததாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலை, விசாரணையில் கொடுக்க எழுதி வைத்திருந்த மனுவை எடுத்து, சாட்சிகள் ஐந்து பேரில் அவன் பெயரை அடித்துவிட்டு, நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

"அரியலூர்ல அந்தப் பெட்டிய யாருகிட்ட காட்டுன?"

"கடைக்காரங்கிட்ட. பின்ன, டாக்டர்கிட்டயா காட்டுவாங்க?"

"தோப்புக்காரரு வண்டி உன் வாசல்ல நின்னுச்சே."

"களை வெட்ட ஆளு கேட்டு வந்தாரு. உங்க வூட்டு வாசல்லயுந்தான் நின்னுச்சு மாமா. நீங்க சுரங்கத்துல இருந்தீங்க. அக்காவக் கேளுங்க."

வீட்டுக்கு வந்து அமிர்தவல்லியைக் கேட்டேன். ஆமாம், வந்தார், ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டேன் என்றாள். இவள் ஏன் இதுவரை என்னிடம் சொல்லவில்லை என்று அவள்மேலும் ஒரு சந்தேகம் வந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் நான் சந்தேகப்படாதது ஆட்டுக்குட்டி ஒன்றைத்தான்.

புதன்கிழமை சசிகலா பாலிடெக்னிக் லேபில் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் நம்மைப் பெயரை வைத்து அடையாளம் வைத்துக்கொள்வதில்லையாம். ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பர் கொடுக்குமாம். விண்டோஸ் புதிதாகப் போட்டதும் இவள் அதற்குப் புது ஆள், புது நம்பர். ஃபோல்டர் பழைய நம்பருக்குச் சொந்தம். எங்கள் தெருவில் அரியமுத்து என்று மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருத்தர் ரேஷனை இன்னொருத்தருக்குப் போடமாட்டார்கள், அதுபோலத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போ பூட்டியது யார் என்றேன்.

"நாந்தாம்பா. மொதல்ல பாஸ்வேர்ட் வச்சப்ப, வேற யாரும் பாக்காம இருக்கட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன்."

சைபர் எப்படி வந்தது என்று விடாமல் கேட்டேன். பார்க்க அனுமதி இல்லாததை அதனால் எண்ண முடியாது, அதனால்தான் சைபர் என்றாள்.

பெட்டியை அணைத்து, மறுபடி போடும்போது மேல் வரிசையில் எஃப்-8 என்ற சாவியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். திரை கறுப்பாகி, மூலைக்கு மூலை சேஃப் மோடு என்று எழுத்து வந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரில் நுழைந்தாள். ஃபோல்டரின் மேல் வலது பக்கம் அமுக்கி, செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஓனர் என்று நோட்டைப் பார்த்துப் பார்த்துப் போனாள். சொந்தக்காரரை மாற்றினாள். உள்ளே இருப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து என்று கேட்ட இடத்தில் ஒரு டிக் போட்டாள். அப்புறம் தன் புதுப் பெயரைச் சேர்த்து முழு அனுமதி கொடுத்தாள்.

ஒன்பது படமும் இருந்தன. நாலாவதில் வண்டித்தடம் இரண்டும் தெளிவாகத் தெரிந்தது. பாடைக்குப் பின்னால் ராசாங்கத்தின் எல்லைக்கல், அதற்கு இந்தப் பக்கம் பாதை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அடித்த பெயர்தான் கண்ணுக்குள் நின்றது. அப்படியும் அன்று அவனிடம் போகவில்லை. ராத்திரி எங்கே படுத்தான் என்பதற்கு இன்னும் பதில் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை தாசில்தாரம்மா பிரிண்ட் போட்டுக் கொண்டுபோன படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் எடுத்தது என்றார். சொன்னேன். அவர் எங்கே என்றார். மனுவைப் புரட்டி, அடித்திருந்த பெயரில் விரல் வைத்து, இவரா என்றார். எடுத்தவர் எழுத்துமூலமாகக் கொடுத்து, திங்கட்கிழமை நேரில் வந்து சொன்னால்தான் படம் செல்லும் என்று சொல்லிவிட்டார்.

வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு சாயங்காலம் சின்னதுரை வீட்டுக்குப் போனேன். படங்கள் கிடைத்த கதையைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவன் கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"கடை வாசல்லதான் படுத்துக் கெடந்தேன். ராவோட ராவா உள்ள இருக்கறதக் கழட்டி வேறய மாட்டிருவாங்கன்னு பஸ்ல ஒருத்தன் சொன்னான். கண்டவன் கடை வாசல்ல படுத்தேன்னா இவ வைவாளேன்னு இவகிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணுன்னு மாத்திச் சொன்னேன்."

காகிதத்தைப் படித்துக் காட்டினேன். அவனுக்கு எழுத்துத் தெரியாது. அறிவொளி வகுப்பில் நான் எழுத்துப் படித்ததிலிருந்து அவனுக்கு வந்த ஒவ்வொரு காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்லியிருக்கிறேன், கேட்டதும் விரலை நீட்டிவிடுவான். இந்த முறை கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினான்.

"எங்க கொண்டு போற?"

"சத்யப்பிரியா டீச்சர் வூட்டுக்கு. அதுவும் ஒருதரம் படிக்கட்டும்."

"நான் படிச்சது போதாதா?"

"போதும்னுதான் இத்தன வருசமும் இருந்தேன் மாமா."

அவன் பின்னாலேயே போய், டீச்சர் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே படிக்கிற சத்தம் கேட்டது. நான் படித்த அதே வரிகள். ஒரு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னான். வெளியே வரும்போது கட்டைவிரலில் மை இருந்தது. காகிதத்தை என்னிடம் கொடுத்தான்.

"திங்கக்கெழம வரேன். பஸ்ல நீங்க முன்னாடி உக்காந்துக்குங்க. நான் பின்னாடி உக்காந்து வரேன்."