தேய்ந்த கடைவாய்ப் பல்

அவள் இருக்கும் மாநிலத்தில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றுகூடக் கிடையாது. அதனால் எங்கே விண்ணப்பித்தாலும் அவள் வெளிமாநில ஆள்தான். பல்வலி எல்லா மாநிலத்துக்கும் பொது. பல் டாக்டர் ஆகிற பாக்கியத்துக்கு மட்டும் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். நூறு இடம் இருந்தால் வெளியாளுக்கு மூன்றோ நான்கோ ஒதுக்குவார்கள். அதற்கு ஆயிரம் பேர் முண்டியடிப்பார்கள்.

இது மூன்றாவது வருடம். பதினோரு கல்லூரிகளுக்குப் போட்டிருந்தாள். பத்து கல்லூரிகள் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டன. ஒன்று மட்டும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து நேரில் வரச் சொன்னது. இந்த வருடத்தோடு வயது வரம்பும் முடிகிறது, அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் விண்ணப்பம் வாங்க மாட்டார்கள்.

அழைப்பைக் கேட்டதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, வாய் மாதிரி வார்த்து, அதில் மெழுகால் பல் கட்ட வேண்டும். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று நாலாம் வகுப்பிலிருந்து அவளும் அங்கேதான் கிடந்தாள். சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கை தானாக வந்துவிட்டது. இப்போது அம்மாவுக்கு எதிர்மேசையில் அவளும் சம்பள ஆள். லேபில் எல்லாரும் அவளை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் அது கேலி, பிறகு பழக்கம். இரண்டு வருடம் தோற்ற பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குச் சுருக்கென்றது.

நேர்முகத்தோடு கைவேலைத் தேர்வும் உண்டு என்று போட்டிருந்தது. ஒரு மணி நேரம், ஒரு மெழுகுக் கட்டி, அதில் ஒரு பல் செதுக்கிக் காட்ட வேண்டும். அம்மா சிரித்தே விட்டாள்.

“கேள்வி கேக்கறப்ப மட்டும் கொஞ்சம் வாயைத் திறந்து பேசு. கைவேலையைப் பத்திப் பேச்சே வேண்டாம். உன்னை அடிச்சுக்க எவன் இருக்கான்?”

இருபது மணி நேரம் ரயிலில் போய் இறங்கினாள். அந்தக் கூடத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் பல் செதுக்குவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பாவமாக இருந்தது. சீட்டில் ‘கீழ்த்தாடை, முதல் கடைவாய்ப் பல்’ என்று வந்தது. அந்தப் பல்லை அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். நாற்பது நிமிடத்தில் முடித்துக் கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்துப் பையன் தன்னுடையதைப் பார்த்தான், அவளுடையதைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மேற்பார்வைக்கு வந்த பேராசிரியை பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சின்ன ஸ்கேலை வைத்து அளந்தார்.

“லேப்ல வேலை பாக்கறியாமா?”

“ஆமா மேடம். எப்படித் தெரிஞ்சது?”

“பல்லு மேல மேடா இருக்க வேண்டிய முகடெல்லாம் தேஞ்சிருக்கே. ஐம்பது வயசு ஆளோட பல்லு மாதிரி இருக்கு. நாங்க கேட்டது புதுசா முளைச்ச பல்லு. புத்தகத்துல இருக்கற மாதிரி.”

அவள் பல்லை வாங்கிப் பார்த்தாள். தேய்ந்துதான் இருந்தது. அதை அவள் கவனிக்கவேயில்லை. லேபுக்குப் புதுப்பல் கேட்டு யார் வருகிறார்கள்? வருகிறவர்கள் எல்லாம் ஐம்பதும் அறுபதும். தேய்ந்த பற்களுக்கு நடுவே முகடு தூக்கிக்கொண்டு ஒன்றை வைத்தால் கடிக்கும்போது இடிக்கும், டாக்டர் மறுநாளே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் முகட்டைக் கட்டின கையோடு சுரண்டிவிடுவது லேபில் எல்லாருக்கும் மூச்சு விடுகிற மாதிரி. அவள் பிறந்ததிலிருந்து ஒரு பல்லையும் முகட்டோடு விட்டதில்லை.

“இன்னும் இருபது நிமிஷம் இருக்கு மேடம். வேற கட்டி குடுத்தீங்கன்னா செஞ்சிடுவேன்.”

“ஒருத்தருக்கு ஒரு கட்டிதான்மா. உனக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க கேப்பாங்க.”

விளக்கு இருந்தால் மெழுகை உருக்கி ஏற்றியிருப்பாள். அங்கே விளக்கு வைக்கவில்லை. மீதி இருபது நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு நடந்த நேர்முகத்தில், போனது போகட்டும் என்று பயமே இல்லாமல் பேசினாள்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் முடிவு வந்தது. எழுத்து, அறுபதுக்கு ஐம்பத்தெட்டு. நேர்முகம், இருபதுக்குப் பதினெட்டு. கைவேலை, இருபதுக்கு நான்கு. மொத்தம் எண்பது. கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது: உள்மாநிலத்தவருக்குத் தேவை எழுபத்தொன்று, வெளிமாநிலத்தவருக்கு எண்பத்து நான்கு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் அந்தத் தேய்ந்த பல்லோடேயே உள்ளே போயிருக்கலாம்.

“வந்துடுச்சா?” என்றாள் அம்மா எதிர்மேசையிலிருந்து. “கையெல்லாம் மெழுகு. நீயே படி.”

“கிடைக்கலம்மா.”

பக்கத்து மேசை அக்கா ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினாள்.

“எதுல போச்சு?” என்றாள் அம்மா.

அம்மாவின் கையில் ஒரு மெழுகுப் பல் இருந்தது. அதன் முகட்டைப் பாதி சுரண்டியிருந்தாள். மகள் அதைப் பார்த்தாள். சொன்னால் அம்மா இனி அந்தக் கத்தியை எடுக்கும்போதெல்லாம் செத்துப் பிழைப்பாள். மறுபடி போனைப் பார்த்து, எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரியே படித்தாள்.

“எழுத்து ஐம்பத்தெட்டு. கைவேலை பதினெட்டு. நேர்முகம்தான்... நாலு.”

“நாலா?” அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வாய்க்குப் பூட்டா போட்டிருந்தாங்க? படிச்சுப் படிச்சு சொன்னேனே. அப்படியே உங்கப்பன், ஊமைக்கோட்டான். கூலிக்கு ஆள் வெச்சா பேச முடியும்? மூணு வருஷம், எல்லாம் போச்சு.”

“தப்புதான்மா.”

“என்ன தப்புதான்? இதை அங்க போய்ப் பேசியிருந்தா ஆயிருக்கும்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. திட்டட்டும், ஆசை தீரத் திட்டட்டும் என்று விட்டுவிட்டாள். அம்மாவும் திட்டித் தீர்த்து, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, பக்கத்து மேசை பக்கம் திரும்பினாள்.

“கேட்டியாக்கா, கைவேலைக்குப் பதினெட்டு குடுத்திருக்கான்.”

“குடுக்காம பின்ன?” என்றாள் அக்கா.

அம்மா கத்தியை எடுத்தாள். மிச்சமிருந்த முகட்டில் வைத்தவள் சுரண்டாமல் நிறுத்தி, மகளைப் பார்த்தாள்.

“இருபதுக்குப் பதினெட்டு. அந்த ரெண்டை எதுக்குக் குறைச்சானாம்?”