பலகைக்குப் பக்கத்தில்

லோதே அம்பை நாணில் பொருத்தியதும், எதிர்முனையில் இலக்குப் பலகையை ஒட்டி நின்ற அத்தனை பேரும் கலைந்தார்கள். ஒருவன் வெற்றிலை கேட்டுப் போனான். இன்னொருவனுக்குத் திடீரென்று ஒன்றுக்கு வந்தது. மிச்சம் இரண்டு பேர் வானத்தைப் பார்த்தபடியே மரத்தடி வரைக்கும் நடந்துவிட்டார்கள். மற்றவர்கள் எய்யும்போது பலகையை உரசிக்கொண்டு நின்று, "கண்ண எங்கடா அடகு வச்ச" என்று கத்திவிட்டு, கடைசி நொடியில் ஓரடி நகர்கிற அதே ஆட்கள்தான். பாரோ பள்ளத்தாக்கில் வில் பிடித்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நூற்று நாற்பத்தைந்து மீட்டர் தள்ளியிருந்து ஒருவன் எய்கிறான் என்றால், பலகைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் அவனுக்குத் தருகிற மரியாதை.

லோதேவுக்கு அவமானமாகக்கூட இல்லை. ஒரு வருஷமாக அவனுக்கு எதுவுமே உறைப்பதில்லை.

போன புத்தாண்டுப் போட்டியில், எதிரணியில் இருந்த தாம்சோ பலகைக்கு முன்னால் கையைத் தூக்கி ஆடி இவனைக் கேலி செய்துகொண்டிருந்தான். இருவரும் சின்ன வயதிலிருந்து கூட்டாளிகள். லோதேவின் மூங்கில் வில்லிலிருந்து போன அம்பு தாம்சோவின் கழுத்தில் ஏறியது. லோதேதான் பாடைக்குத் தோள் கொடுத்தான். செத்தவனுக்காக மலைமேல் நடுகிற நூற்றெட்டு வெள்ளைக் கொடிகளையும் நட்டான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சடங்கு வீட்டில் போட்ட மிளகாய்க் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான், காரம் தெரியவில்லை.

ஊரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தாம்சோ சாராயம் போட்டிருந்தான், விலகல, அவன் விதி" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் லோதே வந்தால் எழுந்து இடம் கொடுத்தார்கள், கோப்பையில் வெண்ணெய்த் தேநீரை வழிய வழிய ஊற்றினார்கள். நல்ல மனசுக்காரர்கள் செய்கிற கொடுமைக்கு எந்த ஊரிலும் தண்டனை கிடையாது.

"இன்னைக்கும் யாரும் நிக்கலன்னா வில்லத் தூக்கி அடுப்புல வச்சிடறேன்" என்று காலையிலேயே அணித்தலைவர் காடோவிடம் சொல்லியிருந்தான். அவர் தரையைப் பார்த்தார். இப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

எதிரணிப் பெண்களின் பாட்டும் நின்றிருந்தது. வில்லாளியைப் பாட்டாலும் கிண்டலாலும் குலைப்பதுதான் அவர்கள் வேலை. அவர்களுக்குத் தலைவி யாங்தென், தாம்சோவின் மனைவி. ஒரு வருஷம் கழித்து இன்றுதான் திடலுக்கு வந்திருந்தாள். சற்று முன்புதான் காடோவை, "அண்ணே, உங்க வயித்த முன்னாடி அனுப்புங்க, அதுவாவது பலகையத் தொடட்டும்!" என்று கிழித்திருந்தாள். லோதேவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திடலோரமாக விறுவிறுவென்று பலகையை நோக்கி நடந்தாள்.

"ஏம்மா, பொம்பளைங்க அங்க நிக்கக் கூடாது!" என்று காடோ கத்தினார்.

"ஆம்பளைங்க நிக்கறாங்களான்னு பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே!"

பலகைக்கு ஒரு முழம் தள்ளி நின்று இடுப்பில் கை வைத்தாள். "எய்யி லோதே! உன் அம்புகிட்டத் தப்பணும்னா பலகைதான் பத்திரமான எடம்!"

யாரும் சிரிக்கவில்லை. லோதே இழுத்து விட்டான். கை கட்டை மாதிரி அசையாமல் இருந்தது. அம்பு பலகைக்கு இருபது அடி முன்பே மண்ணில் குத்தியது.

"அங்க யாருக்குய்யா குழி தோண்டற? என் புருஷன மட்டும் குறி தப்பாம அடிச்சியே! பலகை என்ன, அவனவிட ஒல்லியா?"

ஒரு வருஷமாக ஊரே விழுங்கி வைத்திருந்ததை அவள் நடுத்திடலில் போட்டு உடைத்துவிட்டாள்.

லோதே இரண்டாவது அம்பை எடுத்தான். அது நாணில் உட்காரவில்லை. குனிந்து பார்த்தால் கை நடுங்குகிறது. எப்படியோ பொருத்தி நாணைப் பாதி இழுத்து நிமிர்ந்தபோது, யாங்தென் பலகைக்கு நேர் முன்னால் வந்து கையைத் தூக்கி ஆடத் தொடங்கியிருந்தாள். போன வருஷமும் தாம்சோ இப்படி ஆடியதை அவன் பார்த்தான். பார்க்கவில்லை என்று இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தான். எய்கிறவன் காத்திருப்பதில்லை, ஆடுகிறவன்தான் விலக வேண்டும் என்பது இங்கே வழக்கம். விலகிவிடுவான் என்று நினைத்துத்தான் விட்டான்.

நாணைத் தளர்த்தினான். "தள்ளிக்கோ யாங்தென்!" குரல் கீறிக்கொண்டு வந்தது. "தள்ளிக்கோம்மா, எனக்குப் பயமா இருக்கு!"

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். தூக்கிய கைகள் மெல்லக் கீழே வந்தன. இந்த முறை அவள் கத்தியதில் கேலி இல்லை.

"போன வருஷம் இந்த ஒரு வார்த்தையக் கத்தியிருக்கலாமே, லோதே!"

அவன் வில்லோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, ஊர் பார்க்க வாய்விட்டு அழுதான்.