பேயாண்டியின் வெண்கலக் குதிரையும் அதைப் பிடித்திருந்த ஆளும்

வாடிப்பட்டிக்கு மேற்கே அய்யனார் கோயிலில் வைத்த வெண்கலக் குதிரை, 1980 பங்குனி இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கனைத்தது. அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. கண் திறந்த குதிரை கனைக்காமல் என்ன செய்யும்? அதன் கடிவாளத்தைப் பிடித்திருந்த வெண்கல ஆளும் கண்ணைச் சிமிட்டியதுதான் வம்பாகப் போனது.

குதிரையை வைத்தவர் பேயாண்டி. மகனுக்கு அம்மை இறங்கினால் அய்யனாருக்குக் குதிரை எடுப்பதாக அவர் நேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அம்மை இறங்கி, மகனுக்கு மீசையும் முளைத்துவிட்டது. "சாமிகிட்டயே சாக்குச் சொல்ற ஆளோட எப்பிடி இருக்கது? குதிரையில சாமி ஏறுன சேதி வந்தாத்தான் இந்த வீட்டுப் படி மிதிப்பேன்" என்று அவர் மனைவி செல்லத்தாய் தை மாதமே திருமங்கலத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு பேயாண்டி வைத்த குழம்பை அவர் வீட்டு நாயே மோந்து பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனது.

முறைப்படி வேளாரிடம் பிடிமண் கொடுத்து மண்குதிரை செய்யச் சொல்ல வேண்டும்; சூளை வைத்து எடுக்க இரண்டு மாதமாகும். ஒன்பது வருஷம் சும்மா இருந்த பேயாண்டிக்கு இரண்டு மாதம் பொறுக்கவில்லை. கொடைக்கானலில் ஊரைக் காலிசெய்யும் ஒரு வெள்ளைக்காரரின் பங்களாவில் பழைய சாமான்கள் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார். பாரீஸில் கல்லில் நிற்கும் பேர்பெற்ற குதிரையைப் பார்த்து நூறு வருஷத்துக்கு முன் வார்த்த வெண்கல நகல் ஒன்று, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு இடுப்புயரத்துக்கு அங்கே நின்றது. கூடவே, அதை இழுத்துப் பிடித்தபடி பொட்டுத் துணியில்லாத ஓர் ஆள். குதிரை மட்டும் போதும் என்று கேட்டுப் பார்த்தார். கழற்ற முடியாது என்றார்கள். ஆளுக்கு ஓர் ஈரிழைத் துண்டைக் கட்டி, காய்கறி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கண் திறக்க வந்த சோலை வேளாருக்கு வெண்கலம் பழக்கமில்லை. "ரெண்டுக்கும் கண்ணு இருக்குல்லண்ணே, ஒண்ணுக்கு மட்டும் தொறந்தா பாவம்" என்று ஆளுக்கும் சேர்த்தே திறந்துவிட்டார்.

குதிரை துள்ளியது. ஆள் விடவில்லை. மறுநாளும் விடவில்லை. ஒரு வாரம் கழித்துச் சாமியாடி சின்னக்கருப்பன் மேல் இறங்கிய அய்யனார் எரிச்சலில் இருந்தார். "குதிரை வந்துருச்சுடா. ஏறப் போனா எவனோ ஒரு பய பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்!"

பேயாண்டி அந்த ஆளின் காலில் விழுந்தார், கூழ் ஊற்றினார், விரலைப் பிரிக்கக் கடப்பாரை போட்டார். கடப்பாரை வளைந்தது. பாண்டிச்சேரியில் படித்த லாசர் வாத்தியாரைச் சைக்கிளில் ஏற்றி வந்தார்கள். வாத்தியார் அவனிடம் அரைமணி நேரம் பிரெஞ்சில் பேசிவிட்டுத் திரும்பினார். "நியாயத்தத்தான் சொல்றாரு. பிடின்னு சொன்னாகளாம், விடுன்னு யாரும் சொல்லலையாம். மாத்தாளு வந்து பிடிச்சாத்தான் கைய எடுப்பாராம்."

பேயாண்டி பிடித்தார். அந்த ஆள் நூறு வருஷத்தில் முதல்முறையாகக் கையை உதறிச் சொடக்கெடுத்தான். குதிரை பேயாண்டியைக் கம்மாய்க்கரை, கரும்புக்காடு, தண்டவாளம் என்று மூன்று நாள் இழுத்தது. குதிரை ஓடிப்போனால் செல்லத்தாயும் போனாள் என்ற பயத்தில் அவர் விடவில்லை. சேதி கேட்டு நாலாம் நாள் பஸ்ஸில் வந்திறங்கிய செல்லத்தாய், வரப்பில் கூடவே ஓடிக்கொண்டு கத்தினாள். "சாமிக்குன்னு குடுத்ததை இன்னமும் கையில பிடிச்சிருக்கீகளே, விடுங்க!"

விட்டார். குதிரை ஓடவில்லை. நேரே கோயிலுக்கு நடந்து போய் நின்றது. யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல அதன் முதுகு ஒரு விரற்கடை தாழ்ந்ததை ஊரே பார்த்தது.

செல்லத்தாய் அன்றே வீடு திரும்பினாள். ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நிற்கிற ஆம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வெண்கல ஆளையும் கையோடு கூட்டிவந்துவிட்டாள். அடுத்த வருஷம் ஜனத்தொகை எடுக்க லாசர் வாத்தியாரே வந்தார். ஆள் வேட்டி கட்டி, கூழ்ச் சொம்போடு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"இவரை என்னன்னு எழுத?"

"என் தம்பின்னு எழுதுங்க சார்" என்றாள் செல்லத்தாய்.

வாத்தியார் பேயாண்டியைப் பார்த்தார். பழனியில் மொட்டை போடுவதாக முந்தாநாள்தான் பேயாண்டி வாய்விட்டு நேர்ந்திருந்தார். அதிலிருந்து வெண்கலக் கை ஒன்று அவர் வேட்டி முனையைப் பிடித்திருந்தது.

"மச்சினன்தான், எழுதுங்க" என்றார் பேயாண்டி. "நாளைக்கி பழனிக்குப் போறோம்."

வாத்தியார் எழுதிக்கொண்டார். படிவத்தில் உயரம் கேட்கும் கட்டம் இல்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.