ஆல்டனின் பாறை

அண்ணனைப் புதைத்த மறுநாள் காலையிலேயே வெர்னா படகை எடுத்தாள். அமெரிக்காவின் மெய்ன் கரையோரத்து அந்தத் தீவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சிங்கி இறால் பிடிக்கிற குடும்பத்தில் துக்கத்துக்கு ஒருநாள்தான் விடுப்பு.

ஆல்டன் மாரடைப்பில் போனான். படகிலேயே, அவள் கண்ணெதிரே. அம்மா கை ஓங்கினால் குறுக்கே வந்து நின்றவன். அவள் புருஷன் ஓடிப்போனபோது ஒரு கேள்வி கேட்காமல் மாடி அறையை ஒழித்துக் கொடுத்தவன். பள்ளிக்கூட வயதிலிருந்தே அவன் பின்னால் நின்று கூண்டுகளுக்கு இரை கட்டியவள் அவள். இப்போது அவளுக்கும் இறால் பிடிக்க உரிமம் இருந்தது. இனி அண்ணனின் இடத்தில் அவள் கூண்டு போடுவாள்.

அவன் கூண்டு போட்டுவந்த கடலடிப் பாறையைப் போல இறால் கொழிக்கும் இடம் தீவைச் சுற்றி வேறில்லை. சட்டப்படி அது யாருக்கும் சொந்தமில்லை. கூண்டு தண்ணீரில் கிடக்கும்வரை அது ஆல்டனுடையது, அவ்வளவுதான்.

செத்தவனின் கூண்டுகளை மற்றப் படகுக்காரர்கள் கூலி வாங்காமல் கரை சேர்ப்பது ஊர் வழக்கம். அடக்கத்துக்கு முன்பே ட்வைட் ஆள் திரட்டி எல்லாவற்றையும் அவள் வாசலில் அடுக்கிவிட்டான். ட்வைட், ஆல்டனின் உயிர்த் தோழன். வெர்னா அவனைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லியிருந்தாள்.

பனி விலகியது. பாறைக்கு மேலே, ஆல்டனின் கூண்டுகளுக்கு அடையாளமாகச் சிவப்பு மிதவைகள் ஆடிய இடமெல்லாம் மஞ்சள் மிதவைகள். ட்வைட்டின் நிறம். அவன் படகும் அங்கேதான் நின்றது.

"என்ன ட்வைட் இது?"

"காலி இடம் வெர்னா. சும்மா கிடந்தா பக்கத்துத் தீவுக்காரன் வந்து உக்காந்துக்குவான். அது பரவால்லியா?"

"காலி பண்ணதே நீதானே! சர்ச்சுல மூக்கைச் சிந்திட்டு நேரா இங்க வந்துட்டியா?"

"சர்ச்சுக்குப் போட்ட கோட்டைக்கூட கழட்டலை."

"ஆல்டன் இருந்தா உன் பல்லைப் பேத்திருப்பான்."

ட்வைட் சிரித்தான். "இந்த வித்தையைக் கத்துக்குடுத்ததே அவன்தான். முன்னே இது தெல்மா புருஷன் இடம். அவன் செத்தப்போ கூண்டெல்லாம் யாரு எடுத்தா? மறுநாளே இங்க யாரு போட்டா? நீயும்தான் படகுல இருந்தே குட்டி."

இருந்தாள். கூண்டுகளைக் கரை சேர்த்த அன்று, துறையில் தெல்மா ஆல்டனின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லி அழுதாள். என் அண்ணனைப் போல மனுஷன் உண்டா என்று வெர்னா பூரித்துப் போனாள். அந்தக் குளிர்காலத்திலேயே தெல்மா வீட்டை விற்றுவிட்டுத் தீவை விட்டுப் போனாள். ஏன் என்று வெர்னா யாரையும் கேட்டதில்லை.

பொய் என்று கத்த வாயெடுத்தாள். வரவில்லை. சரி, அண்ணன் மேல் வெறுப்பாவது வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. பாசம் இம்மியும் குறையாமல் அப்படியே கிடந்தது. அதுதான் எரிந்தது.

படகின் பின்பக்கம் போய் ஒரு கூண்டைத் தூக்கி விளிம்பில் வைத்தாள்.

"போடாதே. நாளைக்குக் கயிறு இருக்காது, சொல்லிட்டேன்."

"அறுத்துக்கோ. நாளன்னிக்கும் போடுவேன்."

"திருட்டு இடம்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். அவன் தங்கச்சிடா நான்."

கூண்டைக் கடலில் தள்ளினாள்.