பதினோரு நிமிடம்

இன்று ஒருவருக்கும் உடம்புக்கு வரக் கூடாது. வந்தாலும் கேட்டுக்கு வெளியிலேயே வந்து தொலைய வேண்டும். மூக்கு ஒழுகினால் அங்கேயே ஒழுகட்டும். மயங்கி விழுகிறவர்கள் தயவுசெய்து தெருப் பக்கமாகச் சாய்ந்து விழட்டும்.

டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் அவள். சிரிப்பு வந்தது.

அந்த அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம், காத்திருப்பதைத் தவிர. மூன்று மணி நேரம் ஆகும். அதை அரை மணிக்குள் கொண்டுவரச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது பெரிய டாக்டர் இரண்டு நாள் மூளையைக் கசக்கினார். காத்திருக்கும் நேரம் டோக்கனில் அச்சாகும் மணியிலிருந்துதானே தொடங்குகிறது? டாக்டர் பார்க்கும்போது எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அதே டோக்கனில் குறிப்பார்கள், அவ்வளவுதானே? டோக்கனைத் தாமதமாகக் கொடுத்தால் போயிற்று.

அன்றிலிருந்து கேட்டை மூடி, பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். உள்ளே வந்தவர் நோயாளி. வெளியே நிற்பவர், ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை, தெருவில் போகிறவர். சராசரி பதினோரு நிமிடத்துக்கு இறங்கியது. வாழ்த்துக் கடிதம் வந்தது. சட்டம் போட்டு மாட்டினார்கள்.

வருகிறவர்களிடம் "எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்று கேட்பது அவள் வழக்கம். அதை நிறுத்திவிட்டாள். கேட்காவிட்டால் தெரியாது, தெரியாவிட்டால் பொய் சொன்னதாகாது. ஆறு வருடமாகத் தற்காலிக வேலையில் இருப்பவளுக்கு இந்த நியாயம் கச்சிதமாகப் பொருந்தியது. தன்னை ஏமாற்றுவதில் தனக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் உண்டென்று அதுவரை அவளுக்கே தெரியாது.

போன மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த மாமியார், வீட்டுக்கு வந்ததும் டோக்கனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒம்போது நிமிஷம்னு போட்டிருக்கே, மத்த மூணு மணி நேரம் நான் எங்கம்மா இருந்தேன்?"

"தெருவுல போயிட்டிருந்தீங்க அத்தை."

"போயிட்டிருந்தேனா! இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நின்ன இடத்துலயே வேர் விட்டிருப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். மாமியார் முதலில் நிறுத்தினார்.

நேற்று இன்னொரு கடிதம் வந்தது. பதினோரு நிமிடத்தில் வேலை முடிகிற இடத்துக்கு இரண்டு டாக்டர் எதற்கு என்று கேட்டிருந்தார்கள். இன்று ஆய்வுக்கு மூன்று பேர் வருவார்கள், டோக்கன்களைச் சரிபார்ப்பார்கள். பதினோரு நிமிடம் உண்மைதான் என்றால் சிறந்த ஆஸ்பத்திரி என்ற சான்றிதழ் இங்கே வரும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பார்க்கிற சின்ன டாக்டரம்மா வேறு ஊருக்குப் போவார்.

எட்டரை மணிக்குப் பெரிய டாக்டர் ஜன்னலில் தலையை நுழைத்தார். தலைக்குச் சாயம் புதிதாக ஏறியிருந்தது.

"எல்லாம் தயார்தானே? அவங்க பின்வாசல் வழியா வர்றாங்க. கேட் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டாங்க."

"சின்ன டாக்டரம்மாவைத் தூக்கிடுவாங்களே சார்?"

"அதை அப்புறம் கேட்டு வாங்கிக்கலாம்மா. முதல்ல சான்றிதழ் வரட்டும்." குரலைத் தாழ்த்தினார். "உன்னை நிரந்தரமாக்குற ஃபைல் என் மேசைமேலதான் இருக்கு. இன்னைக்குச் சாயங்காலமே கையெழுத்துப் போட்டுடறேன்."

அந்த ஃபைலை அவள் பார்த்திருக்கிறாள். பச்சை அட்டை. ஒரு வருடமாக அதன்மேல் அவர் டீ டம்ளர் வைக்கிறார். வட்டம் வட்டமாகக் கறை. அந்தக் கறைகளோடு சேர்த்தே அவளுக்கு அது வேண்டியிருந்தது.

கேட்டுக் கம்பிகளுக்கு அப்பால் மாமியாரின் குடை தெரிந்தது. இந்த மாத மாத்திரை. பக்கத்தில் அவர்கள் தெருத் தையல்காரி, காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள்.

"உள்ள உக்காந்திருக்கிறது உங்க மருமகதானே? சொல்லிட்டு முன்னாடி போகலாமே."

"அவளுக்கு என்னைத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத்தான் தெரியாது" என்றார் மாமியார், உள்ளே கேட்கும்படி.

ஒரு டாக்டர் மட்டும் இருந்தால் மூன்று மணி நேரம் ஆறாகும். ஆனாலும் டோக்கன் பதினோரு நிமிடம் என்றே சொல்லும். அவளுக்கு வீரமெல்லாம் வரவில்லை. பேனாவில் மை வருகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் முதல் பத்துப் பேரை விட்டார். முன்னால் வந்தவர் மாமியார். இயந்திரம் 9.02 என்று அச்சடித்த டோக்கனைத் துப்பியது. அவள் பேனாவை எடுத்தாள்.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

மாமியார் சந்தேகமாகப் பார்த்தார். "என்னையா கேக்கறே?"

"உங்களைத்தான் அத்தை."

"ஆறே காலுக்கு. நான் கிளம்புறப்போ நீ பல்லு தேச்சிட்டிருந்தே."

அச்சான மணிக்கு மேலே 6.15 என்று பெரிதாக எழுதினாள். அடுத்து தையல்காரி: ஆறரை. எழுதினாள். குழந்தை அவள் பேனாவைப் பிடுங்கப் பார்த்தது.

ஆய்வுக்காரர்களை வரவேற்க வராந்தாவுக்கு வந்த பெரிய டாக்டர், தையல்காரியின் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார். விறுவிறுவென்று ஜன்னலுக்கு வந்தார்.

"என்னம்மா கிறுக்கி வச்சிருக்கே? அதையெல்லாம் வாங்கிக் கிழிச்சுப் போடு. புதுசா அடிச்சுக் குடு. சீக்கிரம், வந்துட்டாங்க."

பின்வாசலில் செருப்புகளின் சத்தம் கேட்டது. பச்சை அட்டை ஒரு கணம் கண்முன் வந்து போனது.

"இல்ல சார்" என்றாள், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அடுத்தது யாரு? எத்தனை மணிக்கு வந்தீங்க?"